கேம் கேள்வி பதில்: முதல்ல காரா, வீடா?

மழை விடாம பெய்யுற மாசம்னா மலைல பசங்க எல்லாம் வீட்டுக்குள்ளதான், அதனால கேம் கடிதம் குவியுது. இந்த தடவை ஃபோர்ஸா ஹொரைசன் மாதிரி ஊர் சுத்தி கார் ஓட்டற கேம்ல வீடு வாங்கறதைப் பத்தியே நிறைய பேர் கேட்டிருக்காங்க, அதையே எடுத்துக்கறேன்.

"அண்ணா, ஹொரைசன் 5-ல 21 லட்சம் கிரெடிட் (கேம் காசு) சேர்த்து வச்சிருக்கேன். ஆட்டோஷோல (கேம்ல இருக்கற கார் கடை) ஒரு கார் மேல ஒரு வாரமா கண்ணு. ஃப்ரெண்டு என்னடான்னா வீடு வாங்குடாங்கறான். எதை வாங்கட்டும்?" (கல்லூரி மாணவர், கோத்தகிரி)

வீடு வாங்கு தம்பி, இன்னைக்கே வாங்கு. அதுவும் எந்த வீடோ இல்ல, புயெனாஸ் விஸ்டாஸ்னு ஒண்ணு மேப்ல இருக்கும், சரியா 20 லட்சம், அதை வாங்கினாத்தான் ஃபாஸ்ட் டிராவல், அதாவது ஓட்டாமலே மேப்ல ஒரு இடத்துக்குத் தாவற வசதி, முழுசா திறக்கும். அதுக்கு முன்னாடி உன் சொந்த வீட்டுக்கும் கேம்ல கார் ஃபெஸ்டிவல் நடக்கற இடங்களுக்கும் மட்டும்தான் தாவ முடியும், மத்தபடி எங்க போகணும்னாலும் ஓட்டிட்டுத்தான் போகணும். நீ கோத்தகிரிக்காரன், உனக்கு சொல்லவே வேண்டாம், கூடலூர்ல ஒரு சின்ன வேலைன்னாக்கூட ஊட்டில இறங்கி பஸ் மாறி போய்ட்டு வர்றதுக்குள்ள பொழுதே போயிரும் இல்ல, அந்த மாதிரிதான் இந்த வீடு இல்லாம ஹொரைசன் 5 நடக்கற மெக்சிகோ மேப்ல ஒரு மூலைல ரேஸ் முடிச்சுட்டு இன்னொரு மூலைக்குப் போறதும்.

நான் முதல் தடவை விளையாடினப்ப கையில இருந்ததெல்லாம் கொட்டி ஒரு சூப்பர் காரைத்தான் வாங்கினேன். அடுத்த வாரமே வீல்ஸ்பின்ல (கேம்ல பரிசுக்காக சுத்தற சக்கரம்) அதே கார் சும்மா விழுந்துச்சு. அன்னைக்கு பட்ட வருத்தத்துல சொல்றேன், கார் எப்படியாவது வந்து சேரும், வீல்ஸ்பின்ல விழும், வாரா வாரம் வர்ற ப்ளேலிஸ்ட்ல (போட்டிப் பட்டியல்) பரிசா கிடைக்கும், ஏலத்துல மலிவா மாட்டும், ஆனா இந்த மாதிரி வீடு எந்த வீல்ஸ்பின்லயும் விழாது, காசு கொடுத்தாத்தான் வரும்.

வாங்கின உடனே ஒண்ணு தெரிஞ்சுக்கோ, ஒவ்வொரு தாவலுக்கும் கிரெடிட் பிடிப்பாங்க. மேப் முழுக்க 50 ஃபாஸ்ட் டிராவல் போர்டு இருக்கு, ஒண்ணு ஒண்ணா மோதி உடைக்க உடைக்க அந்தக் கட்டணம் குறைஞ்சுக்கிட்டே வரும், 50-ம் உடைச்சுட்டா அப்புறம் இலவசம். கூரை மேல, பாறை மேலன்னு ஏடாகூடமான இடத்துல எல்லாம் வச்சிருப்பாங்க, அவசரப்படாம வழில தென்படறப்ப உடை. இன்னொண்ணு, நீ ஏற்கனவே ஓட்டின ரோட்டுக்குத்தான் தாவ முடியும், அந்த மேப்ல மொத்தம் 578 ரோடு இருக்கு, அதனால ஓட்டற வேலை உனக்கு பாக்கி இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

அதுலயும் அந்த மேப்ல எரிமலை மேல ஏறற ரோட்டை மட்டும் தாவிக் கடக்காத தம்பி. கல்லட்டி 36 கொண்டை ஊசியை பைக்ல ஏறி இறங்கினவனுக்கு அந்த ரோடு தனி சுகம், எந்த வளைவுல கியரை இறக்கணும்னு கை தானா சொல்லும், அதை மெனுல ஒரு பட்டனை அமுக்கி தாண்டிப் போறது எனக்கு மனசே வராது.

"சார், என் பையன் ப்ளஸ் டூ. நேத்து போன்ல யார்கிட்டயோ 'கோட்டை ஒன்றரை கோடி, இன்னும் 40 லட்சம்தான் வேணும்'னு பேசறான். என் கார்டு அவன் கேம் அக்கவுண்ட்ல இருக்கு. ராத்திரி தூக்கமே வரல." (இல்லத்தரசி, ஊட்டி)

நிம்மதியா தூங்குங்க அக்கா. பையன் சொன்னது எடின்பரோ கோட்டை, 2018-ல வந்த ஹொரைசன் 4-ல 1.5 கோடி கிரெடிட்டுக்கு அதை வீடா வாங்கலாம், ஸ்காட்லாந்துல நிஜமாவே இருக்கற கோட்டைதான் அது. இந்த கோடி எதுவும் ரூபாய் இல்ல, ரேஸ் ஓட்டி ஓட்டி சம்பாதிக்கற கேம் காசு, கம்பெனி அதை ரூபாய்க்கு விக்கறதும் இல்ல. அப்போ உங்க பையன் இதுவரைக்கும் 1.1 கோடி சேர்த்திருக்கான்னா எத்தனை நாள் பொறுமையா செலவு பண்ணாம உக்காந்திருப்பான்னு பாருங்க, எனக்கு அந்தப் பையன் மேல மரியாதைதான் வருது. (பரீட்சை முடியற வரைக்கும் நேரத்தை மட்டும் நீங்க பேசி வச்சுக்கங்க.)

ஆனா கார்டு பத்தி நீங்க கேட்டது சரியான கேள்வி. நிஜ காசுக்கு விக்கறது கார் பேக், விஐபி மெம்பர்ஷிப் மாதிரி விஷயங்கள். விஐபி எடுத்தா ரேஸ்ல வர்ற கிரெடிட் ரெண்டு மடங்கு ஆகும், அதனால பசங்களுக்கு அது மேல ஆசை வரும். ஹொரைசன் 4-ஐ 2024 டிசம்பர் 15-ல ஸ்டோர்ல இருந்தே எடுத்துட்டாங்க, முன்னாடியே வாங்கி வச்சவங்க விளையாடலாம் அவ்வளவுதான், அதனால அந்த கேம்ல புதுசா வாங்க ஒண்ணும் இல்ல. மத்த கேமுக்காக, அக்கவுண்ட் செட்டிங்ல எதை வாங்கினாலும் பின் நம்பர் கேக்கற மாதிரி போட்டு வச்சுருங்க. வெளி ஆளுங்க யாராவது "கிரெடிட் ஏத்தித் தர்றேன், ஐநூறு ரூபா அனுப்பு"ன்னு சொன்னா மட்டும் பையனை கண்டிப்பா தடுங்க, காசும் போகும், அவன் சேர்த்து வச்ச அக்கவுண்டையும் கம்பெனி முடக்கிரலாம்.

"எங்க ஊர்ல நெட் வர்றதும் போறதுமா இருக்கு. வீடு வாங்க நெட் வேணுமா?" (கூடலூர்)

வேண்டாம். தனியா ஓட்டறது, வீடு வாங்கறது எல்லாம் ஆஃப்லைன்ல நடக்கும், ஏலமும் வார ப்ளேலிஸ்ட்டும்தான் நெட் இல்லாம வராது. முதல்ல இறக்கறதுதான் பாடு, ஹொரைசன் 5 பிசிக்கு 110 ஜிபி இடம் கேக்கும், கரண்ட் போகாத ராத்திரியா பாத்து போடுங்க.

"தம்பி, நான் டூரிஸ்ட் வேன் ஓட்டறவன். ரொம்ப வருஷம் முன்னாடி பிரவுசிங் சென்டர்ல ஒரு தீவுல கார் ஓட்டற கேம் விளையாடுவேன், வீடு வாங்கினா உள்ள கராஜ்ல நம்ம கார் எல்லாம் வரிசையா நிக்கும். இப்ப என் பையன் விளையாடற கேம்ல வீட்டுக்குள்ளயே போக முடியலயே, ஏன்?" (குன்னூர்)

அண்ணே, இந்தக் கேள்வியைப் படிச்சுட்டு எனக்கு அன்னைக்கு வேற வேலையே ஓடல. நீங்க சொல்றது டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட், 2006-ல வந்துச்சு, ஹவாய்ல இருக்கற ஒவாஹு தீவை அப்படியே ரோடு ரோடா வரைஞ்சு வச்சிருந்தாங்க. அதுல வீட்டோட பலனே கராஜ்தான், எத்தனை காருக்கு இடம் இருக்கோ அத்தனை கார்தான் வச்சுக்க முடியும், அடுத்த கார் வேணும்னா அடுத்த வீடு வாங்கணும், அதனால வீடு வாங்கறதுக்கு ஒரு நியாயமான காரணம் இருந்துச்சு. 2011-ல ரெண்டாம் பாகம் இபிசா தீவையும் சேத்துக்கிட்டு வந்துச்சு, அதுல வீட்டுக்குள்ள நடக்கலாம், சோபா மாத்தலாம், சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம், ஃப்ரெண்டை வீட்டுக்குக் கூப்பிடலாம்.

ஹொரைசன் 4, 5-ல கார் எங்க நிக்கும்ங்கற கவலையே இல்ல, எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லா காரும் இருக்கும், அதனால வீட்டுக்குன்னு ஒரு வேலை கொடுக்கறதுக்காக சலுகை வச்சாங்க, ஒண்ணு ஃபாஸ்ட் டிராவல் தரும், ஒண்ணு சூப்பர் வீல்ஸ்பின் தரும். வசதி அதிகம்தான், ஒத்துக்கறேன். ஆனா வேன் ஓட்டறவருக்கு நான் சொல்லணுமா, நாள் முழுக்க மேட்டுப்பாளையம் ரோட்ல 14 கொண்டை ஊசியும் ஏறி இறங்கிட்டு வந்து வண்டியை நம்ம வாசல்ல நிறுத்தி சாவியை எடுக்கற அந்த நிமிஷம் இருக்கே, அதை அந்த பழைய கேம் கொடுத்துச்சு, புதுசு கொடுக்கல. 2024-ல அதே பேர்ல சோலார் கிரவுன்னு ஹாங்காங்ல நடக்கறதா ஒண்ணு விட்டாங்க, ஆசையா ஓடிப்போய் பாத்தா அது வந்தப்ப வீடே இல்ல, ஹோட்டல் ரூம்தான், பழைய ஆளுங்க எல்லாருக்கும் அது பெரிய ஏமாத்தம். கார் கேம் பண்றவங்க கராஜை திரும்பக் கொண்டு வரணும்ங்கறதுதான் என் ஆசையும்.

"அவசரப்பட்டு ஒரு வீடு வாங்கிட்டேன். திரும்ப வித்துரலாமா?" (வாசகி, கொடைக்கானல்)

ஹொரைசன்ல முடியாதுங்க, காரை ஏலத்துல விடலாம், வீட்டை விட முடியாது. ஆனா அந்த வீடு வீணா போகல, அந்தப் பக்கம் போறப்ப தாவி இறங்க ஒரு இடம் ஆச்சு, கார் மாத்தலாம், ட்யூன் பண்ணலாம், பெயின்ட் அடிக்கலாம். அடுத்த வீட்டுக்கு மட்டும் இப்படி யோசிங்க, அதோட சலுகை ஒரே தடவை கிடைச்சு முடியறதா, இல்ல தினமும் உதவறதா. துணி, ரெண்டு வீல்ஸ்பின் இதுக்காக லட்சக்கணக்குல கொடுக்கறது கோடி கணக்குல வச்சிருக்கறப்ப செய்யற வேலை. வாசல்ல வண்டியை நிறுத்தினா வாங்கறதுக்கு முன்னாடியே விலையும் சலுகையும் ஸ்க்ரீன்ல வரும், அதை முழுசா படிச்சுட்டு அப்புறமா பட்டனை அமுக்குங்க.