புதைந்த மண் சும்மா கிடப்பதில்லை: கேள்வி பதில்

எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களில், அடியிலிருந்து வரும் பாறைத் துகள்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இருபது வருடமாயிற்று. நிலத்துக்கு அடியில் மண் எப்படி நகர்கிறது, எப்படி உருமாறுகிறது என்று கேட்டிருந்தவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து, மேலே அடுக்கடுக்காக மண் மூடிவிட்டால் அது இறுகிப் பாறையாக வேண்டியதுதானே? நகர்வதற்கு என்ன இருக்கிறது?

பதில்: தண்ணீர் இருக்கிறது தம்பி. கடலடியில் புதிதாகப் படிந்த களிமண்ணில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பாரம் ஏற ஏற அது பிழிந்து வெளியேற வேண்டும். வெளியேறிவிட்டால் நீ சொன்னபடி மண் இறுகிவிடும். ஆனால் களிமண்ணுக்குள் தண்ணீர் மிக மெதுவாகத்தான் நகரும். வண்டல் வேகமாக வந்து குவிந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் மேலுள்ள பாரத்தைத் தானே சுமக்கத் தொடங்கும். மண்ணின் துகள்களான மணிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதுதான் மண்ணின் உறுதி. சுமை தண்ணீருக்குப் போய்விட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். மண்ணின் உறுதியை ஆராய்ந்த பொறியாளர் கார்ல் டெர்சாகி 1920களில் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்: மொத்த அழுத்தத்தில் துளைநீரின் (மணிகளுக்கு இடையே நிற்கும் தண்ணீரின்) அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மணிகளின் பிடி. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கழித்தலுக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: கடற்கரையில் ஈர மணலை மிதித்தால் பாதத்தைச் சுற்றி மணல் வெளுத்துக் காய்ந்ததுபோல் ஆகிறதே, ஏன்? என் மகள் கேட்கிறாள்.

பதில்: மகளுக்கு நல்ல கண். அலை தட்டித் தட்டி அங்கே மணிகளை நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது அவை நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும். அப்போது இடைவெளி பெரிதாகி, மேலே நின்ற தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மணல் வெளுக்கும். காலை எடுத்தால் அந்தத் தடத்தில் தண்ணீர் திரும்பக் கசிந்து நிற்கும். 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். தளர்வாகக் கிடக்கும் மணலில் நடப்பது இதற்கு நேர் எதிர்: குலுக்கினால் இடைவெளி சுருங்கும், தண்ணீர் நெருக்கப்படும். அடுத்த கேள்விக்கு அது தேவைப்படும்.

கேள்வி: 2001 குஜராத் நிலநடுக்கத்தில் கட்ச் பாலைவனத்தில் தண்ணீர் பொங்கியதாகப் படித்தேன். சரஸ்வதி நதி திரும்பிவிட்டது என்றுகூடச் சிலர் பேசினார்களாமே?

பதில்: நதி திரும்பவில்லை, மணல்தான் சற்று நேரம் திரவமானது. கட்சின் உப்புச் சமவெளியான ரண் பகுதியில் தளர்வான மணலும் வண்டலும் பரந்து கிடக்கின்றன. நிலத்தடி நீரும் மேலாகவே இருக்கிறது. ஜனவரி 26 அன்று 7.7 அளவில் நிலம் குலுங்கியபோது துளைநீரின் அழுத்தம் ஏறி, மணிகளின் பிடி கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிட்டது. சேற்றுத் தண்ணீர் மணலையும் வாரிக்கொண்டு மேலே பீறிட்டு, வாய்ப்பக்கம் குழிந்த சிறு சிறு மணல் கூம்புகளை விட்டுப்போனது. ஆனால் நதி என்று சொன்னவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எப்போதோ ஓடி மறைந்த ஆறுகளின் தடங்களில் தளர்ந்த மணல் அதிகம் என்பதால் சில இடங்களில் பழைய தடத்தின் வழியாகவே ஈரம் தெரிந்தது.

இதைவிடப் பெரிய அளவில் 1934 ஜனவரி 15 அன்று பிகாரில் நடந்தது. சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் சரிந்து, வீடுகள் சாய்ந்து அமிழ்ந்தன. வயல்களை மணல் மூடியது.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. இப்படி மேலே வந்த மணல், வந்த வழியிலேயே உறைந்து நிற்கும். பள்ளம் வெட்டிச் சுவரைச் சீவிப் பார்த்தால் கருத்த களிமண்ணுக்கு நடுவே வெளிறிய மணல் செங்குத்தாக, கீழே அகன்றும் மேலே போகப்போக ஒல்லியாகியும் ஒரு கோடுபோல ஓடும். அது எந்த அடுக்கில் முடிகிறதோ, அந்த அடுக்கின் வயதை வைத்து எழுத்தில் பதிவாகாத நிலநடுக்கங்களின் காலத்தைக் கணிக்கிறார்கள். 1897 பெருநடுக்கம் கண்ட மேகாலயா, அஸ்ஸாம் பகுதிகளில் இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

கேள்வி: மேடம், இந்தோனேசியாவில் ஊரையே சேறு மூடியது கிணறு தோண்டியதாலா, நிலநடுக்கத்தாலா?

பதில்: கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோவைக் கேட்கிறீர்கள். 2006 மே 29 அன்று, எரிவாயு தேடித் தோண்டிக்கொண்டிருந்த கிணற்றிலிருந்து சில நூறு மீட்டருக்குள் கொதிக்கும் சேறு கிளம்பியது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 1,80,000 கன மீட்டர். சுமார் 40,000 பேர் வீடிழந்தார்கள். ஆண்டுகள் கழிந்தும் அது நிற்கவில்லை.

இரண்டு நாள் முன்பு யோக்யகர்த்தாவில் 6.3 அளவில் நிலநடுக்கம் வந்தது உண்மை. அதைக் காரணமாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. என் கருத்து கிணற்றின் பக்கம்தான். யோக்யகர்த்தா அங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர். சிடோவார்ஜோவை அதைவிடப் பலமாகக் குலுக்கிய நடுக்கங்கள் முன்பே வந்திருக்கின்றன, அப்போதெல்லாம் சேறு கிளம்பவில்லை. கிணற்றின் கீழ்ப்பகுதிக்கோ, சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய் இறக்கியிருக்கவில்லை. உயர் அழுத்தம் உள்ள அடுக்கில் வெறும் மண்சுவரை நம்பித் தோண்டுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: அவ்வளவு அழுத்தம் கீழே இருப்பது தோண்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியாதா?

பதில்: பெரும்பாலும் அடையாளம் காட்டும். தோண்டும்போது கிணற்றுக்குள் நாங்களே செலுத்தும் சேறு, துகள்களோடு மேலே வந்து சல்லடையில் விழும் இடத்தில்தான் நாங்கள் நிற்போம். சாதாரணமாகத் துகள்கள் பொடிப்பொடியாக வரும். அழுத்தம் மிகுந்த களிப்பாறையை எட்டினால் விரல் நீளத்துக்குச் சில்லுகள் வரத் தொடங்கும்: மெல்லியவை, ஓரம் கூரானவை, லேசாக வளைந்தவை. தோண்டும் உளி வெட்டியவை அல்ல அவை. சுவர் தானாகவே உள்ளே தெறித்துவிடுகிறது. அந்தச் சில்லைக் கையில் எடுத்த உடனே சொல்லிவிடுவோம். உடனே அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க, உள்ளே செலுத்தும் சேற்றில் பாரைட் என்ற கனமான கனிமப் பொடியைக் கலந்து எடையைக் கூட்டுவார்கள்.

கேள்வி: அந்தமான் பாராடாங் தீவில் சேற்று எரிமலை பார்த்தேன். தொட்டால் சுடவே இல்லை. எரிமலை என்று ஏன் பெயர்?

பதில்: வடிவத்தால் வந்த பெயர். உள்ளே தீக்குழம்பு கிடையாது. இந்தியாவைச் சுமக்கும் பூமியோட்டுப் பாளமான இந்தியத் தட்டு, அந்தமானுக்கு அடியில் செருகும்போது வண்டல் நெரிபட்டு, மீத்தேன் வாயுவோடு சேறாக மேலே வருகிறது. 2004 டிசம்பர் பெருநடுக்கத்துக்குப் பிறகு அது சீறியது.

கேள்வி: உப்பும் மலையைத் துளைத்து மேலே வரும் என்கிறார்களே, அங்கேயும் தண்ணீர் அழுத்தம்தானா?

பதில்: இல்லை, உப்பின் கதை வேறு. களிமண் ஆழம் போகப்போக இறுகிக் கனக்கும். உப்பின் அடர்த்தியோ தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.2 மடங்கிலேயே நிற்கும். ஓர் ஆழத்துக்குக் கீழே சுற்றியுள்ள பாறையைவிட உப்பு இலேசு. அதோடு படிக உப்பு நீண்ட காலத்தில் பிசுபிசுப்பாக வழியக்கூடியது. மேலே உள்ள பாரம் ஒரே சீராக இல்லாவிட்டால் பாரம் குறைந்த பக்கம் பிதுங்கும். ஈரானின் ஜாக்ரோஸ் மலைகளில் நிலத்துக்கு மேலேயே வந்து பனியாறுபோல் சரிவில் இறங்குகிறது. மழையில் நனைந்தால் வேகமும் கூடும்.

கேள்வி: அக்கா, சென்னையில் சதுப்பு நிலத்தை நிரப்பிய மனை ஒன்று விலைக்கு வருகிறது. இதையெல்லாம் படித்தபின் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அங்கே நடுக்கத்தைவிட முதலில் கவனிக்க வேண்டியது மெதுவான அமிழ்வு. நிரப்பிய மண்ணின் பாரத்தில் அடியிலுள்ள இளகிய களிமண் வருடக்கணக்கில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டின் ஒரு மூலை அதிகம் இறங்கினால் சன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். பெரிய கட்டுமானங்களில் களிமண்ணுக்குள் நாடாபோன்ற வடிகால்களைச் செங்குத்தாக இறக்கி, மேலே மண்ணைக் குவித்துத் தண்ணீரை முன்கூட்டியே பிழிந்துவிடுவார்கள். தனி மனைக்கு அது கட்டுப்படியாகாது. பைல், அதாவது ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண், போட்டுக் கெட்டித் தரையைத் தொடுவதே வழி. எனவே முன்பணம் கொடுக்கும் முன் மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். களிமண் எத்தனை மீட்டர், நீர்மட்டம் எங்கே, எந்த ஆழத்தில் கெட்டித் தரை, இந்த மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும். பைல் செலவையும் மனை விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.