சனி ஞாயிறில் பிள்ளையை யார் பார்ப்பது?

தங்கச்சி, ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மகளைப் படமெடுத்து எடுத்தே கை பழகிவிட்டது, குடும்பப் படம் எடுப்பதையே தொழிலாகச் செய்யலாமா, என்ன கமரா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். நானும் மகன் பிறந்த பிறகுதான் இதில் இறங்கினேன். கமராவை விடுங்கள், பழையதே போதும். வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய 35 அல்லது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் தொடங்கிவிடலாம். சனி ஞாயிறில் உங்கள் பிள்ளையை யார் பார்ப்பது? அதை முதலில் யோசியுங்கள்.

குடும்பமாகப் படமெடுக்க வருகிறவர்களுக்கு வேலை நாளில் நேரம் கிடையாது. ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9 மணியாகும். நல்ல வெளிச்சம் வருகிற 8 மணிக்குத்தான் உங்கள் மகள் நித்திரைக்கு அழுவாள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வாடிக்கையாளரின் பிள்ளை மத்தியானத் தூக்கத்தால் எழும்பி வருவதற்குள் பாதி வெளிச்சம் போய்விடும். ஒக்ரோபரில் இலை நிறம் மாறும்போது, கிறிஸ்மஸ் அட்டைக்கும் சேர்த்து, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். உங்கள் அவர் ஷிப்ட் வேலை என்றால் இதை அவரோடு இப்போதே பேசி முடியுங்கள்.

சட்டப்பக்கம் பெரிய தலையிடி இல்லை. பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, இருந்தால் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டாம். ஒன்ராறியோவில் சொந்தப் பெயரிலேயே செய்தால் வியாபாரப் பதிவும் வேண்டாம். வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டும்வரை எச்எஸ்டி என்கிற விற்பனை வரி அறவிடத் தேவையில்லை. ஆனால் காசாகக் கையில் தந்தாலும் அது வருமானம்தான், வரியில் காட்டுங்கள். குடும்ப வருமானம் கூடினால் அடுத்த ஜூலையிலிருந்து பிள்ளைக்கு வருகிற உதவிப்பணம் குறையலாம். அதையும் கணக்கில் வையுங்கள். ரசீதுகளை 6 வருடம் எறியாதீர்கள்.

நம்மவர்கள் வீடுகளில் பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பெரும்பாலும் வெளியாட்களைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் பச்சைக் குழந்தைப் படங்களை நம்பி இருக்க வேண்டாம். அதோடு, குழந்தை தன் கையிலேயே தாடையைத் தாங்கிப் படுத்திருப்பது போன்றவை இரண்டு மூன்று படங்களைக் கணினியில் ஒட்டிச் செய்பவை. முறையாகப் பழகாமல் தொடவே கூடாது.

எனக்குப் பிடித்தது பல்லுக்கொழுக்கட்டை, பிள்ளைக்கு முதல் பல் முளைக்கும்போது செய்கிற சடங்கு. பிள்ளையை இருத்தி, முன்னால் புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பி, தலையில் கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். எல்லாம் இரண்டு செக்கனில் முடிந்துவிடும். உடனே பிள்ளை வீரிட்டு அழும், அல்லது மடியில் விழுந்ததை எடுத்து வாயில் வைக்கும். அதுதான் படம். சோபாவுக்கு மேல் ஏறி நிற்காதீர்கள். தரையில் குப்புறப் படுத்து, கமராவைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். மஞ்சள் மின்குமிழ்களை அணைத்துவிட்டு யன்னல் திரையை விலக்கச் சொல்லுங்கள். ஷட்டர் வேகம் 1/500 செக்கன் இருக்கட்டும், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கொட்டுகிற அம்மம்மாவின் கையும் உள்ளே வரட்டும்.

பனியில் எடுக்கும்போது கமரா ஏமாறிப் பனியைச் சாம்பலாக்கும். கமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி கூட்டுங்கள். மேலதிக பற்றரியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். வீட்டுக்குள் வருமுன் கமராவைப் பையில் போட்டு மூடினால் லென்ஸ் வியர்க்காது.

விலை போடும்போது ஒரு மணித்தியாலப் படப்பிடிப்பை மட்டும் கணக்கிடாதீர்கள். பிள்ளை படுத்த பிறகு இரவில் கணினி முன் உட்கார்ந்து படங்களைத் தெரிவுசெய்வதும் திருத்துவதும் அதைவிடக் கூட. சொந்தக்காரருக்குச் சும்மா எடுத்துக் கொடுக்கத் தொடங்கினால் நம்மவர்கள் நிறைய இருக்கிற ஸ்காபரோ முழுக்கச் சொந்தம்தான்.

அப்புறம், கனடாவில் 2012 நவம்பரிலிருந்து, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு வாங்கி எடுத்த படத்தின் காப்புரிமையும் பொதுவாக எடுத்தவருக்கே. அதற்காகப் பிறர் பிள்ளையின் முகத்தை விளம்பரத்துக்குப் போட்டுவிடாதீர்கள். எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள், விலையையும் கூட்டாதீர்கள்.