வீட்டுக்குள் ஒரு புதையல் வேட்டை

கேள்வி: மகனுக்கு அடுத்த மாதம் 7 வயது நிறைகிறது. கடற்கொள்ளையர் தீமில்தான் பிறந்தநாள் வேண்டும் என்கிறான். எங்களுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். அவனையும் சேர்த்து 12 பிள்ளைகள், அதில் 5 பேர் பெண்கள். இரண்டு வயதில் ஒரு தங்கையும் இருக்கிறாள். மாலை 5 முதல் 7 வரை நேரம். பலூன் வளைவு, பேனர், கப்பல் கேக் என்று விசாரித்தால் விலை மலைக்க வைக்கிறது. எதைச் செய்யலாம், எதை விடலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பலூன் வளைவையும் பேனரையும் விட்டுவிடுங்கள். உள்ளே நுழையும்போது பிள்ளைகள் அவற்றை ஒருமுறை பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஹாலில் ஒரு கறுப்புத் துணிக் கொடி தொங்கினால் போதும். உங்கள் உழைப்பு முழுவதும் புதையல் வேட்டைக்குப் போகட்டும்.

வேட்டை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான். வேகமாகப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை சீட்டைப் பிடுங்கிப் படித்துவிட்டு ஓடும். மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். கடைசியில் பெட்டியைத் திறப்பதும் அதே பிள்ளைதான். இதைத் தவிர்க்க, 6 பேர் வீதம் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்குச் சிவப்புச் சீட்டு, இன்னொன்றுக்குப் பச்சை. குழுவுக்கு 6 துப்புகள், ஆளுக்கு ஒன்று. தன் முறை வந்தவர்தான் சத்தமாகப் படிக்க வேண்டும். ஆறாவது துப்பில் வரைபடத்தின் பாதி மட்டும் கிடைக்கட்டும். இரண்டு பாதியையும் ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் பெட்டி இருக்கும் இடம் தெரிய வேண்டும். அப்போது முந்தி வந்த குழுவும் காத்திருக்கும்.

துப்பு இரண்டு வரியைத் தாண்டக் கூடாது, எழுத்து பெரிதாக இருக்கட்டும். 'ஊரெல்லாம் சுற்றுவோம், வீட்டுக்குள் மட்டும் வர மாட்டோம்' என்றால் செருப்பு அலமாரி. 'கதவைத் திறந்தால் விளக்கு எரியும், மூடினால் குளிரில் கிடப்பேன்' என்றால் ஃபிரிட்ஜ். சமையலறை மேடை, பால்கனி, குளியலறை, வாஷிங் மெஷின் இந்த நான்கிலும் எதையும் ஒளிக்காதீர்கள். சீட்டுகளை செல்லோ டேப்பால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் பறந்து வேறு எங்காவது கிடக்கும். எது எங்கே என்று ஒரு தாளில் எழுதி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் திணறினால் ஒரு சொல் எடுத்துக்கொடுங்கள். இப்படி நடத்தினால் வேட்டை 20, 25 நிமிடம் போகும்.

வரைபடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் 3 ஸ்பூன் தேயிலைத்தூள் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவையுங்கள். ஏ4 தாளைக் கசக்கிப் பிரித்து, தட்டில் ஊற்றிய டிகாஷனில் இரண்டு மூன்று நிமிடம் கிடத்துங்கள். மடிப்புகளில் சாயம் கூடுதலாகப் பிடிப்பதால்தான் பழசு போலத் தெரியும். ஈரத்தாளை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் கிழியும். இரண்டு கையாலும் எடுத்துப் பழைய வேட்டித் துணிமேல் காயப்போடுங்கள். படத்தைக் காய்ந்த பிறகுதான் வரைய வேண்டும், அதுவும் பால்பாயிண்ட் பேனாவால். ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துவிட்டுப் பிறகு நனைத்தால் எல்லாம் கரைந்து ஓடும். ஓரங்களைத் தீயில் கருக்கும் பழக்கம் வேண்டாம், கையால் கிழித்தாலே அழகாக இருக்கும்.

வேட்டைக்கு முன்னால் 'கப்பல் சட்டம்' வாசிக்கச் சொல்லுங்கள். இது உண்மையிலேயே இருந்த வழக்கம். 1722இல் இறந்த பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கடற்கொள்ளையனின் கப்பலில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. கப்பலில் ஒருவரை ஒருவர் அடிக்கக் கூடாது. கொள்ளையில் கப்டனுக்கு இரண்டு பங்கு. முதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வேண்டாம், ஏழு வயதில் அது சண்டையில்தான் முடியும். பிறந்தநாள் பிள்ளைக்குக் கூடுதல் பங்குக்குப் பதில் பெட்டியின் சாவியைக் கொடுங்கள். உள்ளே ஒரே மாதிரியான 12 சிறு பைகள், பெயர் எழுதி. சில்லறையாகக் கொட்டிவைத்தால் வேகமான கைகளுக்கே எல்லாம் போய்ச்சேரும். தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு நம் வெயிலில் இளகிவிடும். கடைசி நேரத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். கடலை மிட்டாய் என்றால் யாருக்காவது வேர்க்கடலை அலர்ஜி உண்டா என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

பெண் பிள்ளைகளை இளவரசியாகவோ கடற்கன்னியாகவோ ஒதுக்கிவிடாதீர்கள். ஆன் போனி, மேரி ரீட் என்ற இரு பெண்கள் கடற்கொள்ளையராகப் பிடிபட்டு 1720இல் ஜமைக்காவில் விசாரிக்கப்பட்டார்கள். சீட்டுப் போட்டு எல்லோருக்கும் கடற்கொள்ளையர் பெயர் கொடுங்கள், அதில் அந்த இரண்டு பெயர்களையும் சேருங்கள்.

உடைக்குத் தலைத்துணியே போதும். 44 அங்குல அகலமுள்ள சிவப்புக் காட்டன் துணி 3 மீட்டர் வாங்கினால், மீட்டருக்கு நான்கு சதுரம் வீதம் 12 பேருக்கும் வந்துவிடும். கண்மறைப்புக்குக் கறுப்பு ஃபெல்ட் துணியும் எலாஸ்டிக்கும். ஒரு கண்ணை மூடினால் தூரக் கணிப்பு தவறும். அதனால் போட்டோவுக்கு மட்டும் கண்ணில், மற்ற நேரம் நெற்றியில். அட்டை வாள் கொடுக்காதீர்கள். அதன் முனை கண் உயரத்தில்தான் வரும். சார்ட் பேப்பரைச் சுருட்டித் தொலைநோக்கி செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேரும் முதல் 25 நிமிடத்துக்கு அதுவே வேலையாகிவிடும்.

கப்பல் வடிவ கேக் அவசியமில்லை. ஒரு கிலோ சதுரச் சாக்லேட் கேக்கில் ஒரு காகிதக் கொடி குத்துங்கள். கறுப்பு கிரீம் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள், பல்லிலும் சட்டையிலும் ஒட்டும். குடிக்க, ஒரு லிட்டர் வெந்நீரில் 25 உலர்ந்த சங்குப்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, சர்க்கரை சேர்த்து ஆறவையுங்கள். நல்ல நீலமாக இருக்கும். எலுமிச்சைச் சாற்றை மட்டும் பிள்ளைகளே அவரவர் டம்ளரில் பிழியட்டும். புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாக மாறுவதைக் கண்முன்னால் பார்க்கலாம். முன்கூட்டியே கலந்துவிட்டால் இந்த வேடிக்கை போய்விடும். கேக்கை வேட்டைக்குப் பிறகு, 6:15 வாக்கில் வெட்டுங்கள். முதலில் வெட்டினால் சிலர் அப்போதே கிளம்பிவிடுவார்கள்.

தங்கையை வேட்டை நேரத்தில் பாட்டியோ சித்தியோ தனி அறையில் வைத்துக்கொள்ளட்டும். பாசிமணி, பிளாஸ்டிக் காசு, உடைந்த பலூன் துண்டு எல்லாமே அவள் தொண்டையில் அடைக்கக்கூடியவை. எல்லோரும் போன பிறகு சோஃபாவுக்கு அடியிலும் கார்பெட் ஓரத்திலும் டார்ச் அடித்துப் பொறுக்கிவிட்டு, அப்புறம் அவளை ஹாலில் இறக்கிவிடுங்கள்.