இந்திய அகதி முகாமில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்து வன்னிக்குத் திரும்பிய பிள்ளை எந்த நாட்டுப் பிரஜை?

"பிறந்த சான்றிதழை இந்தியா தந்திருக்கு, அப்ப பிள்ளை இந்தியன்தானே?" கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அடிக்கடி கேட்கும் கதை. பிழை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் பிறந்த இடத்துக்கும் நாளுக்கும் மட்டுமே அத்தாட்சி.

மறுபக்கப் பிழை இன்னும் மோசமானது: "நாங்கள் இலங்கையர், பிள்ளையும் தானாகவே இலங்கையர்." இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிவதே முறை; பிந்தினால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். இந்தியாவில் இருக்கும்போதே சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் செய்துவிட்டால் அலைச்சல் குறைவு. பதியாமல் வந்தவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்பு, விவாகப் பத்திரங்கள் தேவை. போரில் தொலைந்த இலங்கைப் பத்திரங்களுக்குப் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான்: முகாம் பதிவில் தகப்பன் பெயர் முதலெழுத்தோடு நிற்கும், இலங்கைப் பத்திரத்தில் முழுப்பெயர் இருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறும். இந்தியச் சான்றிதழை அங்கேயே திருத்தி எடுத்து வாருங்கள். இங்கே வந்தபின் அது பெரும் பாடு.

தகப்பன் இல்லையென்றால் முடியாது என்பதும் பழைய கதை. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் தாய்வழியையும் ஏற்கிறது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்று சும்மா இருக்காதீர்கள். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாத குறை தேசிய அடையாள அட்டை எடுக்கப் போகும்போதுதான் தெரியவரும்.