ஞாயிறு காலை, நூலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன வாசிப்பது?

கேள்வி: எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நானும் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஏதாவது நடத்துங்கள் என்று நூலகர் என்னிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து வாசிக்கச் சொன்னால், படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கதை முடிந்ததும் கேள்வி கேட்டால் நழுவுகிறார்கள். என் மகனுக்கு எட்டு வயது, ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். முடித்ததும் “ஒண்ணும் புரியல” என்கிறான். என்ன புத்தகம் எடுப்பது, என்ன செய்வது? என் கைக்காசில் கொஞ்சம் புத்தகம் வாங்கித் தரவும் தயாராக இருக்கிறேன்.
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்லும் “புரியல” என்ற பதிலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அவன் சோம்பலில் அப்படிச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறான்.

உங்கள் வீட்டில் “தாத்தா வந்தாவ, சாப்ட்டுட்டுப் போயிட்டாவ” என்றுதான் அவன் கேட்டு வளர்ந்திருப்பான். புத்தகத்தைத் திறந்தால் “தாத்தா வந்தார், சாப்பிட்டுவிட்டுச் சென்றார்” என்று இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் கேட்டு, வீட்டில் நெல்லைப் பேச்சு கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்ததே இல்லை. அவன் “ம... ர... த்... தி... லி... ரு... ந்... து” என்று எழுத்து எழுத்தாக ஏறி வருவதைக் கவனித்துப் பாருங்கள். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து அவனுக்கு மறந்துபோயிருக்கும். “மரத்திலிருந்து” என்ற சொல்லை இருபது தடவை கதையில் காதால் கேட்ட பிள்ளையோ “மரத்தி” என்று வந்ததுமே மீதியைத் தானே சொல்லிவிடும். 247 எழுத்தையும் பிழையில்லாமல் அடையாளம் காட்டுகிற பிள்ளைகள்கூட ஒரு பக்கத்தை வாசித்துப் புரிந்துகொள்ளத் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து மௌனமாக வாசிக்கச் சொல்வதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும். ஒரு மணி நேரத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் இதற்குப் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டுமில்லை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டலாம். “பெரிய பையனாகிட்டான், இனி அவனே படிக்கட்டும்” என்று நிறுத்திவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. தமிழைப் பொறுத்தவரை அந்த வயதில்தான் இது இன்னும் அவசியம்.

எப்படி வாசிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசியுங்கள். எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொன்னால் அது கதை சொல்வதாகிவிடும். அதுவும் நல்லதுதான், ஆனால் எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகாது. பிள்ளைகளின் முகம் வாடுகிறதென்றால், ஒரு நொடி நிறுத்தி, “அதாவது, அந்தக் கரடி அங்கனயே உக்காந்துட்டு” என்று உங்கள் பேச்சில் ஒரு வரி சொல்லிவிட்டு, மறுபடி அதே வாக்கியத்தைப் புத்தகத்தில் உள்ளபடி வாசியுங்கள். இந்த இரண்டாம் முறை வாசிப்பதில்தான் சொல் மனதில் நிற்கிறது.

இனி புத்தகம். முதலில் நூலகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிறுவர் நூல்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி, சாவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் கிளை நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். கிழிந்துவிடும், தொலைந்துவிடும், தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம். நூலகரின் சிரமம் புரிகிறது. ஆனால் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்குத்தான் என்பது. அவர் படம் உங்கள் நூலகத்திலும் மாட்டியிருக்கும். நூலகரிடம் பக்குவமாகப் பேசி, ஞாயிறு காலை மட்டுமாவது ஒரு பெஞ்சில் இருபது முப்பது புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல், அட்டை தெரியப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அட்டையைப் பார்த்துத்தான் புத்தகம் எடுக்கும்.

வாசித்துக் காட்டப் புத்தகம் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து மூன்று வாக்கியத்தை வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால் அந்தப் புத்தகம் வேண்டாம். “அவன் அதனை நோக்கி விரைந்து சென்று வினவினான்” என்ற நடையில் எழுதிய நீதிக்கதைத் தொகுப்புகள் எல்லா நூலகத்திலும் அடுக்கடுக்காக இருக்கும். அவை எத்தனை வண்ணத்தில் இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டில் ஆரம்பியுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ பாடல்கள் வாய்விட்டுச் சொல்வதற்கென்றே எழுதியவை. தட்டு, லட்டு, எட்டு என்று ஓசை தானாக ஓடும். எழுத்துக்கூட்டும் பிள்ளையும் அடுத்த சொல்லை ஊகித்துவிடும். படக்கதைகளுக்கு நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை, துளிகா வெளியீடுகள் கிடைத்தால் எடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் அவர்களிடம் கேளுங்கள்: பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த, ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்த சிறு புத்தகங்களை அவர்கள் வகுப்பில் பார்த்திருப்பார்கள். பக்கம் குறைவு, வாக்கியம் சின்னது. உங்கள் மகனுக்கு ‘நட’ வரிசை சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவன் வகுப்பை மறந்துவிட்டு, அவன் எதில் சிரிக்கிறான் என்று மட்டும் பாருங்கள்.

ஒன்பது, பத்து வயதுக்கு மேல் ஒரே புத்தகத்தை வாராவாரம் தொடராக வாசிப்பதுபோல் பிடித்து இழுப்பது வேறெதுவுமில்லை. அதற்கு நான் முதலில் சொல்வது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் தெத்சுகோ குரோயானாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் பள்ளி அது. முதல் நாள் தலைமை ஆசிரியர் அந்தச் சிறுமி சொல்வதை எல்லாம் நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார். இந்த இடத்தை வாசிக்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள், நம்ப முடியாமல் கேட்பார்கள். அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, ஒரு ஞாயிறுக்கு மூன்று நான்கு முடியும். கடைசி அத்தியாயத்தில் போரின் குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோகும். அதை வாசிக்கிற அன்று அவசரமாக முடிக்காதீர்கள், பேச நேரம் வையுங்கள்.

இன்று எழுதுகிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வைத்து எழுதிய நாவல். 2023-இல் சாகித்ய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் அதே விருது பெற்றது. தவறான தொடுகையைப் பற்றிப் பிள்ளைகள் பேசத் தைரியம் தரும் கதை. இதைக் கூட்டத்தில் வாசிக்கும் முன் நீங்கள் ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள், பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் பிறகு தனியாக வந்து உங்களிடம் எதையாவது சொல்லலாம். அப்போது பதறாமல், குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம்.

காமிக்ஸ் கொடுக்கலாமா என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். தாராளமாகக் கொடுங்கள். பக்கத்துச் சிவகாசியிலிருந்துதான் 1972-இல் முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. இன்று புத்தகம் புத்தகமாக வாசிக்கும் எத்தனையோ பெரியவர்களின் முதல் வாசிப்பு அதில் வந்த இரும்புக்கை மாயாவி கதைகள்தான். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அர்த்தத்தில் பாதியைப் படமே கொடுத்துவிடுகிறது. கதையே வேண்டாம், ‘ஏன், எப்படி’ என்று கேட்கும் பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்கும் கேள்விகள் பற்றி. “இந்தக் கதையில் இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?” என்பதுதான் அது என்றால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வி நூலகத்தை வகுப்பறையாக்கிவிடுகிறது. கதை முடிந்ததும் சும்மா இருங்கள். யாராவது ஒருவர் “அந்தக் கரடிக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று ஆரம்பிப்பார்கள். யாரும் பேசவில்லை என்றாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நவம்பர் 14 முதல் நூலக வார விழா வரும்; ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி வைக்கச் சொல்வார்கள். மூன்று பேர் பரிசோடு போவார்கள், பன்னிரண்டு பேர் வெறுங்கையோடு போவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த புத்தகத்தில் ஒரு துண்டுச் சீட்டு செருகி வைக்கட்டும்: “37-ஆம் பக்கத்தைப் பாரு” என்று ஒரு வரி போதும். அடுத்து எடுக்கும் பிள்ளை அந்தப் பக்கத்துக்குத்தான் முதலில் ஓடும்.

மாதம் ஒருமுறை ஊரில் கதை தெரிந்த ஆச்சி யாரையாவது கூட்டி வாருங்கள். அவர் உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லட்டும். பெரிய பிள்ளைகள் அதைக் கேட்டு எழுதி, சின்னப் பிள்ளைகள் படம் வரைந்து, நூல் கோத்து, நூலக பெஞ்சில் மற்ற புத்தகங்களோடு வைக்கலாம். ஆச்சி சொன்ன “வந்தாவ” எழுதும்போது “வந்தார்கள்” ஆவதைப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்ப்பார்கள். இலக்கண வகுப்பில் வராத தெளிவு இதில் வந்துவிடும்.

மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று பெரிய தனிப்பகுதி இருக்கிறது. முழுப் பரீட்சை லீவில் ஒருநாள் கூட்டிப் போங்கள். ஆனால் வாராவாரம் உங்கள் கிளை நூலகத்தில் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அது ஈடாகாது. நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தக் கட்டடம் உங்கள் பிள்ளைகளுடையது, தயங்காமல் உட்காருங்கள்.

கடைசியாக உங்கள் கைக்காசு. 1,000 ரூபாய் செலுத்தினால் நூலகப் புரவலராகச் சேரலாம். கடைத்தெருவில் நாலு பேரிடம் கேட்டால் அவர்களும் சேர்வார்கள். புத்தகமாக வாங்கித் தருவதானால் நூலகரிடம் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெயரில் உறுப்பினர் அட்டையும் அன்றே போட்டுவிடுங்கள். பத்துத் தலைப்பில் ஒவ்வொன்று வாங்குவதைவிட ஐந்து தலைப்பில் இரண்டிரண்டு வாங்குவது நல்லது. ஒரு பிரதி உங்கள் கையில் ஞாயிறு வாசிப்புக்கு இருக்கட்டும். இன்னொன்றை, கதையின் நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, “மீதி அடுத்த வாரம், அவசரம்னா எடுத்துட்டுப் போங்க” என்று மேசையில் வையுங்கள். அதை யார் கொண்டுபோவது என்று பிள்ளைகளுக்குள் சண்டை வரும், சீட்டுக் குலுக்கிப் போட வேண்டியிருக்கும்.