ஓட்டோ ஃபான் ஹாப்ஸ்புர்க்: நாடில்லாத பட்டத்து இளவரசர் – கேள்வி பதில்

ஆஸ்திரியா-ஹங்கேரியின் கடைசிப் பட்டத்து இளவரசர் ஓட்டோ (1912–2011) பற்றி வந்த கேள்விகளுக்கு, கைக்கு எட்டிய வரிசையில் பதில்.

கேள்வி: இவர் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்பின் பேரன்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நேர்ப் பேரன் இல்லை. ஃபிரான்ஸ் யோசப்பின் ஒரே மகன் ருடால்ஃப் 1889இல் மாயர்லிங்கில் இறந்துபோனார். அதன் பிறகு வாரிசு உரிமை பேரரசரின் தம்பி கார்ல் லுட்விக்கின் குடும்பத்துக்குப் போனது. கார்ல் லுட்விக்கின் மூத்த மகன்தான் 1914இல் சராயேவோவில் சுடப்பட்ட ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் மனைவி சோஃபி அரச குலத்தவர் இல்லை என்பதால், பிள்ளைகளுக்கு வாரிசு உரிமை கிடையாது என்று எழுதிக்கொடுத்த பிறகே 1900இல் அந்தக் கல்யாணம் நடந்தது. ஆகவே பட்டம் அவருடைய தம்பி மகன் கார்லுக்கு வந்தது. கார்லின் மூத்த பிள்ளை ஓட்டோ. நம் உறவுமுறையில் சொன்னால், ஃபிரான்ஸ் யோசப் இவருக்குக் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன். ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், அப்பாவுக்குப் பெரியப்பா.

கேள்வி: ஹாப்ஸ்புர்க் என்றாலே நீண்ட தாடைதான் நினைவுக்கு வருகிறது. இவருக்கும் உண்டா?

கிடையாது. தாடைக்குப் பேர்போனவர் ஸ்பெயினின் இரண்டாம் கார்லோஸ். 1700இல் அவரோடு அந்தக் கிளை முடிந்தது. ஆஸ்திரியக் கிளையிலும் ஆண் வாரிசு 1740இல் தீர்ந்துவிட்டது. அந்தக் கடைசி ஆண் வாரிசின் மகள் மரியா தெரசாவை மணந்தவர் லொரேன் வம்சத்து ஃபிரான்ஸ். தந்தை வழியில் பார்த்தால் ஓட்டோ லொரேன்காரர்தான்.

கேள்வி: ராஜ குடும்பம் ஆயிற்றே, வெளிநாட்டில் வசதியாகத்தானே இருந்திருப்பார்கள்?

1916 டிசம்பர் 30 அன்று புடாபெஸ்டில் அப்பாவுக்கு முடிசூட்டியபோது நான்கு வயது ஓட்டோ, வெள்ளை உடையும் இறகு வைத்த தொப்பியுமாக அப்பா அம்மா இருவருக்கும் நடுவில் நிற்கும் படம் பிரபலம். அதிலிருந்து இரண்டே வருடத்தில் பேரரசே இல்லை. 1919 ஏப்ரலில் ஆஸ்திரியா சட்டம் போட்டு, உரிமையைக் கைவிடாத ஹாப்ஸ்புர்க் குடும்பத்தாரை நாடு கடத்தியது, சொத்தையும் எடுத்துக்கொண்டது. 1921இல் கார்ல் இரண்டு முறை ஹங்கேரியைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். இரண்டும் பலிக்கவில்லை. மதேரா தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே மலை மேல், ஈரம் ஊறிய ஓர் இரவல் வீட்டில் நிமோனியா கண்டு 1922 ஏப்ரல் 1 அன்று இறந்தார். அப்போது ஓட்டோவுக்கு ஒன்பது வயது. அம்மா ஸீட்டா எட்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். அன்றைக்கு உடுத்திய கறுப்பை அந்தம்மா 1989இல் சாகும்வரை மாற்றவில்லை.

கேள்வி: ஹிட்லருக்கு இவரைப் பிடிக்காதாமே?

ஆமாம். 1938இல் ஆஸ்திரியாவுக்குள் நுழையும் ராணுவத் திட்டத்துக்கு வைத்த பெயரே 'ஓட்டோ'. அதற்குச் சில வாரங்கள் முன்பு, எதிர்த்து நில்லுங்கள், முடியாவிட்டால் பொறுப்பை என்னிடம் கொடுங்கள் என்று இவர் ஆஸ்திரிய சான்சலர் ஷுஷ்னிக்குக்கு எழுதியிருந்தார். சான்சலர் மறுத்துவிட்டார். 1940இல் குடும்பம் பிரான்சிலிருந்து தப்பியது, போர்டோ நகரில் மேலிடத்து உத்தரவை மீறி விசா கொடுத்துக்கொண்டிருந்த போர்ச்சுகல் துணைத் தூதர் சோசா மெந்தெஸின் கையெழுத்தால்.

கேள்வி: அரியணை உரிமையை ஏன் விட்டுக்கொடுத்தார்? மானப் பிரச்சினை இல்லையா?

என் அபிப்பிராயத்தில் அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது. 1961இல் எழுதிக்கொடுத்தார். அப்படியும் ஆஸ்திரிய அரசியல் இரண்டுபட்டது. நீதிமன்றம் 1963இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகும் 1966இல்தான் பாஸ்போர்ட் கிடைத்தது. அதுவரை அவரை நம்பாத குடியரசுக்குப் பயம் இருந்தது, அவருக்குப் பொறுமை இருந்தது. அப்புறம் 1979 முதல் 20 வருடம், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துச் சிஎஸ்யு கட்சி சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். வாரிசாக வந்தது போனது. ஓட்டு வாங்கி வந்தது நிலைத்தது.

1988இல் போப் அங்கே பேசும்போது வட அயர்லாந்தின் புராட்டஸ்டண்ட் போதகரும் உறுப்பினருமான இயன் பெய்ஸ்லி எழுந்து கத்த, அவரைத் தள்ளி வெளியேற்றிய உறுப்பினர்களில் 75 வயது ஓட்டோவும் ஒருவர்!

கேள்வி: பெர்லின் சுவர் விழுந்ததில் இவர் பங்கு என்ன?

1989 ஆகஸ்ட் 19, ஆஸ்திரியாவை ஒட்டிய ஹங்கேரியின் ஷோப்ரோன் எல்லையில் ஒரு பிக்னிக். புரவலர்கள் இருவர்: ஓட்டோவும், ஹங்கேரி அமைச்சர் இம்ரே போஸ்கையும். அடையாளத்துக்கு மூன்று மணி நேரம் எல்லைக் கதவைத் திறப்பதாக ஏற்பாடு. விடுமுறைக்கு வந்திருந்த கிழக்கு ஜெர்மானியர்களிடம் முன்பே துண்டுப் பிரசுரம் போய்ச் சேர்ந்திருந்தது. குழந்தையும் பையுமாக வந்தவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அறுநூறு பேருக்கு மேல். காவல் அதிகாரி அர்பாட் பெல்லா சுடச் சொல்லவில்லை. ஓட்டோ நேரில் வரவில்லை, மகள் வால்புர்கா வந்திருந்தார். சுவர் இவரால் விழுந்தது என்று சொன்னால் அது மிகை. பெல்லாவுக்குத்தான் அந்த மாலை என் முதல் வணக்கம்.

கேள்வி: குறையே இல்லாதவரா?

யார் சொன்னது? 2008இல் ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில், ஹிட்லரிடம் பாதிக்கப்பட்ட நாடு என்று சொல்லிக்கொள்ள ஆஸ்திரியாவைவிட உரிமையுள்ள நாடு ஐரோப்பாவில் இல்லை என்கிற பொருளில் பேசினார். வியன்னாவில் ஹிட்லரை வரவேற்றுத் திரண்ட கூட்டத்தை மறந்துவிட்டாரா என்று விமர்சனம் கிளம்பியது. நியாயமான விமர்சனம்.

கேள்வி: அடக்கத்தின்போது கதவைத் தட்டும் சடங்கு உண்மையா?

உண்மை. 2011 ஜூலை 16, ஹாப்ஸ்புர்க் குடும்பத்தாரை அடக்கம் செய்யும் வியன்னா கப்புச்சின் துறவிகளின் நிலவறை. கதவைத் தட்டியவர் பட்டங்களை எல்லாம் அடுக்கினார். "எங்களுக்கு அவரைத் தெரியாது" என்றது உள்ளிருந்து குரல். மறுபடி தட்டி, வகித்த பதவிகளைச் சொன்னார், அதே பதில். மூன்றாம் முறை "ஓட்டோ, சாகப் பிறந்த பாவி" என்றதும் கதவு திறந்தது. இதயம் மட்டும் ஹங்கேரியின் பன்னோன்ஹல்மா மடத்தில் இருக்கிறது.

கேள்வி: இப்போது குடும்பம் என்ன செய்கிறது?

ஏழு பிள்ளைகள். குடும்பத் தலைவர் மூத்த மகன் கார்ல். வால்புர்கா ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் இருந்தார். கப்ரியேலா சிற்பி, ஜார்ஜியாவின் தூதராகவும் ஜெர்மனியில் பணியாற்றினார். கார்லின் மகன் ஃபெர்டினாண்ட் கார் பந்தய வீரர். 2021 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் வென்ற அணியில் இருந்தார்.