பிரெஞ்சுத் தொழிலாளர்களின் நீல ஜாக்கெட்டை அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகலாமா? புதிதா, பழையதா, எதை வாங்குவது?

தாராளமாகப் போகலாம். நீங்கள் பாரிஸுக்குப் புதிதாக வந்தவர், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருநூறு யூரோவுக்கு மேல் விலை போட்ட ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் காசைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நகரத்துக்கு வடக்கே ஒரு தச்சுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கே ஆலைக்காரரும் விவசாயியும் போட்ட உடுப்பு இது. 'ப்ளூ த த்ரவாய்', அதாவது 'வேலை நீலம்' என்பார்கள். மேலே வைத்துத் தைத்த மூன்று பைகள், அகலக் கழுத்துப்பட்டி, அவ்வளவுதான். துணி பெரும்பாலும் மோல்ஸ்கின், அதாவது நெருக்கி நெய்த பருத்தி. புதிதில் அட்டைபோல விறைத்து நிற்கும், துவைக்கத் துவைக்கப் பதப்படும்.

என்னுடையது சாந்துவான் பழம்பொருள் சந்தையில் வாங்கியது. தோளில் நீலம் வெளிறிவிட்டது. கழுத்துப்பட்டியைத் தூக்கினால்தான் அடியில் பழைய கருநீலம் தெரியும். வலது முழங்கை கிழிந்தபோது என் மனைவி வேறொரு நீலத் துண்டை வைத்துத் தைத்தாள். ஒருநாள் வேலை முடிந்து மெட்ரோவில் வரும்போது ஒரு பையன் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து, மிக மரியாதையாக, இது எந்த நிறுவனத்தின் வேலைப்பாடு என்று கேட்டான். வீட்டில் தைத்தது என்றேன். நம்பவில்லை. விற்பீர்களா என்றும் கேட்டான். சட்டைப் பையில் பென்சிலும் மரத்தூளும் இருக்கின்றன, அதையும் சேர்த்தா என்று கேட்டேன். சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

பட்டறையில் முதலாளி கொடுக்கும் உடுப்பு பாலியெஸ்டர் கலந்தது, ஒளிரும் பட்டை வைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வரும் நாட்களில் மெட்ரோவில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும்.

உழைப்பவன் உடுப்பைப் பணக்காரன் திருடுகிறான் என்று நான் புலம்புவதாகச் சிலர் கீழே எழுதுவார்கள். இல்லை. நியூயார்க் டைம்ஸ் புகைப்படக்காரர் பில் கன்னிங்காம் 2016இல் இறக்கும்வரை சைக்கிளில் இதே ஜாக்கெட்டோடுதான் தெருத்தெருவாகச் சுற்றினார். 2008இல் பிரெஞ்சு அரசின் கலை இலக்கிய விருதை வாங்க வந்தபோதும் இதுதான். அவர் ஆலைத் தொழிலாளியா? இல்லை. ஆனால் பைகளில் ஃபிலிம் சுருள் இருந்தது. என் கோபமெல்லாம் புதுத் துணியைத் தேய்த்து, கிழித்து, ஒட்டுப் போட்டு, அதற்குக் கூடுதல் விலை வைப்பவர்கள்மீதுதான்.

புதிதுதான் வேண்டுமென்றால் 1927இலிருந்து தைக்கும் வெத்ரா போன்ற பழைய வேலையுடுப்புக் கம்பெனிகளைப் பாருங்கள். சாயம் இறங்கும், உட்புறத்தைத் திருப்பி, குளிர்ந்த நீரில், தனியாகத் துவையுங்கள். தனியாகத் துவைப்பது என்பதும் இப்போது லேசில்லை. எங்கள் தெருவில் காசு போட்டுத் துவைக்கும் கடை விலையைக் கூட்டிக்கொண்டே போகிறது, உலர்த்தும் இயந்திரத்தின் கதவு மூடுவதில்லை, சுவரில் எழுதிய தொலைபேசி எண்ணை யாரும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஈரத் துணியோடு ஒரு மனிதன் எங்கே போவான்?

பழையதை வாங்கினால் உள்ளே தைத்திருக்கும் அளவுச் சீட்டை நம்பாமல், உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அணிந்து பாருங்கள். கை குட்டையாகத்தான் இருக்கும். பொத்தான் ஒன்று குறைந்திருந்தால் விடாமல் பேரம் பேசுங்கள்.